பத்து மதிப்பெண் நம்பிக்கை

நம்புமானி வெள்ளிக்கிழமை வருகிறது என்ற செய்தி பள்ளிக்கூடத்துச் சுற்றறிக்கையில் வருவதற்கு இரண்டு நாள் முன்பே, பாளையங்கோட்டையில் அந்த ஏழாவது தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. சொன்னவர் சமூக அறிவியல் நவநீதம் டீச்சர். அவர் வம்பு பேசுகிறவர் இல்லை. மொட்டை மாடியில் துணி காயப்போடும்போது நான்கு வீட்டுக்குக் கேட்கிற மாதிரி மூச்சு விடுவார், அவ்வளவுதான்.

“வெள்ளிக்கெழமையாம். தலையில ஒரு வளையத்த மாட்டி, உள்ள என்ன நம்புதோம்னு பாத்துருவாவளாம்,” என்றார்.

பக்கத்து மாடியில் கணக்கு அமலோற்பவம் டீச்சர் ஒற்றைச் சேலையை உதறிக்கொண்டிருந்தார். இருவரும் ஒரே பள்ளிக்கூடம்.

“என் தலைக்குள்ள என்ன கெடக்கும். தூக்கம் கெடக்கும்.”

“வெளையாடாதிய டீச்சர். மனப்பாடம்னு வந்துட்டா மௌனப் பணி. தெரியும்லா?”

அமலோற்பவம் டீச்சர் ஒரு க்ளிப் போதும் என்கிற சேலைக்கு நான்கு க்ளிப் மாட்டினார். நவநீதம் டீச்சர் அதையும் எண்ணிக்கொண்டார்.

மௌனப் பணி என்பது இப்படி வந்தது. கற்பித்தல் இசைவு வாரியம் பதினைந்து வருடமாகப் பள்ளிகளுக்குக் கருவிகளை அனுப்பிக்கொண்டே இருந்தது. தொடுபலகை வந்தது, அதன் மேல் ஆணியடித்து இந்திய வரைபடத்தை மாட்டினார்கள். கைப்பலகைகள் வந்தன, பத்திரமாக இருக்கட்டும் என்று பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியைத் தலைமையாசிரியர் தொலைத்தார். கடைசியில் வாரியம் உட்கார்ந்து ஆராய்ந்தது. கருவி எதுவானாலும், கற்றல் என்று ஆசிரியர் மனதுக்குள் எதை நம்புகிறாரோ அதற்குத்தான் அதைப் பயன்படுத்துகிறார் என்று தெரிந்தது. சொல்லச் சொல்ல எழுதுவதுதான் படிப்பு என்று நம்புகிறவரிடம் விண்கலத்தையே கொடுத்தாலும் அதன் முதுகில் சாக்பீஸால் எழுதுவார்.

ஆக, ஆசிரியர்களின் நம்பிக்கையை மாற்ற வேண்டும். அது பெரிய வேலை. வாரியத்தில் எல்லோருக்கும் வயதாகிவிட்டது. அதனால் நம்பிக்கைக்குத் தக்கபடி நடந்துகொள்ளும் பலகை ஒன்றைச் செய்துவிட்டார்கள். அதற்கு இசைவுப் பலகை என்று பெயர். ஆசிரியர் எதை நம்புகிறார் என்பதை முதலில் நம்புமானி அளந்து பலகைக்குச் சொல்லும். குழந்தைகள் பேசிப் பேசிக் கற்பார்கள் என்று நம்புகிறவருக்குப் பலகை விவாதம் தொடங்கி வைக்கும். செய்து பார்த்தால் வரும் என்கிறவருக்குச் சோதனைகளை விரிக்கும். மனப்பாடமே கற்றல் என்று நம்புகிறவருக்குப் பலகையே பாடம் சொல்லும், எழுத வைக்கும், ஒப்புவிக்கச் சொல்லும். அந்த வேலையை எந்த மனிதரையும்விட அது நன்றாகச் செய்யும். அப்போது ஆசிரியர் கதவோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்து வருகையைக் குறித்தால் போதும். பேசக் கூடாது, வகுப்பில் இரண்டு குரல் கேட்டால் பிள்ளைகள் குழம்புவார்கள் என்று விதி. அதுதான் மௌனப் பணி.

மற்றவர்களுக்கு அது மானப் பிரச்சினை. மௌனப் பணிப் பட்டியலை வாசல் கேட்டில் ஒட்டுவார்கள், பெற்றோர் படிப்பார்கள். அமலோற்பவம் டீச்சருக்கு விஷயம் வேறு. வீட்டுக்காரர் போய் ஒன்பது வருடம் ஆகிறது. மகன் எங்கோ தூரத்தில்; ஞாயிற்றுக்கிழமை சுவர்த்திரையில் வந்து “சாப்ட்டியாம்மா” என்று கேட்டுவிட்டு அணைந்துபோவான். வீட்டில் சத்தம் போடுவது குக்கர் ஒன்றுதான். அந்த அம்மாள் ஒரு நாளில் வாய் திறந்து நான்கு வாக்கியம் சேர்ந்தாற்போல் பேசுவது எட்டு ‘பி’ வகுப்பில் மட்டும். ஓய்வு பெற இன்னும் நான்கு வருடம் இருந்தது. அந்த நான்கு வருடமும் அங்கேயும் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டுமென்றால் எப்படி என்பதுதான் அவர் கவலை. யாரிடமும் அவர் இதைச் சொன்னதில்லை. சொல்லாவிட்டால் தெரியாமல் போய்விடுமா? அந்தத் தெருவில் சுவரெல்லாம் ஒற்றைச் செங்கல் கனம்தான்.

*

ஆபத்து என்று வந்தால் நம் ஆட்கள் என்ன செய்வார்கள்? டியூஷன் சேர்ந்தார்கள்.

பேருந்து நிலையத்துக்கு எதிரே, பேக்கரி மாடியில், போட்டித் தேர்வு வகுப்பு நடத்திக்கொண்டிருந்த அருள்மாறன் ஒரே நாளில் பெயர்ப்பலகையை மாற்றினார். ‘நம்பிக்கைத் திறவுகோல்’ என்று ஒரு கையேடும் போட்டார். இரண்டு மதிப்பெண் நம்பிக்கைகள், ஐந்து மதிப்பெண் நம்பிக்கைகள், பத்து மதிப்பெண் நம்பிக்கைகள். நம்புமானி மதிப்பெண் எதுவும் போடாது என்று யாரோ சொன்னதற்கு, “இருக்கட்டும் சார், ஒரு ஒழுங்குக்கு,” என்றார்.

பள்ளியின் முப்பத்தொன்பது ஆசிரியர்களும் மாலை ஐந்து மணிக்கு அங்கே பெஞ்சில் இருந்தார்கள். தலைமையாசிரியர் கோமதிநாயகம் முதல் வரிசை.

“குழந்தை காலிப் பானை அன்று,” என்று அருள்மாறன் சொல்வார்.

“குழந்தை காலிப் பானை அன்று,” என்று முப்பத்தொன்பது பேரும் சொல்வார்கள்.

“குழந்தை தன் அறிவைத் தானே கட்டிக்கொள்ளும் கொத்தனார்.”

“கொத்தனார்.”

“விளையாட்டு, உரையாடல். எல்லாத்தையும் சேத்து கா, கொ, வி, உ. நெனைப்பு வச்சிக்கிடுங்க. காகொவிஉ. அடுத்தது ரொம்ப முக்கியம், கட்டாயம் கேப்பாவ: மனப்பாடம் கற்றல் ஆகாது. இத வீட்டுல பத்து தடவ எழுதிப் பாத்துட்டு வாங்க. புரிஞ்சுதா?”

“புரிஞ்சுது சார்,” என்றார்கள் எல்லோரும், எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் சொல்கிற அதே ராகத்தில். இருபது முப்பது வருடம் கேட்டுக் கேட்டு அந்த ராகம் அவர்களுக்கும் வந்திருந்தது.

நவநீதம் டீச்சர் கையேட்டை இட்லி ஊற்றும்போது படித்தார், பஸ்ஸில் படித்தார். அவர் வீட்டுக் குளியலறையிலிருந்து ‘கொத்தனார், கொத்தனார்’ என்று சத்தம் வந்து, வீட்டில் ஏதோ வேலை நடக்கிறது என்று எதிர்வீட்டில் நினைத்தார்கள்.

அமலோற்பவம் டீச்சர் இரண்டு நாள் போனார். அந்த வாரம் அவருக்குப் காலாண்டுத் தேர்வுத் தாள் திருத்தும் வேலை இருந்தது. காலையிலிருந்து நாற்பது தாள், அதற்கு மேல் டியூஷன். இரண்டாம் நாள் ஐந்து மதிப்பெண் நம்பிக்கைகளிலேயே தூங்கிவிட்டார். மூன்றாம் நாளிலிருந்து போகவில்லை. கையேடு அவர் வீட்டில் சூடான பாத்திரம் இறக்கி வைக்கப் பயன்பட்டது.

“ஒரு பத்து மார்க்காவது படிச்சிட்டு வாங்க,” என்றார் நவநீதம் டீச்சர் மாடியில். “பெறகு வருத்தப்படக் கூடாது.”

“கண்ண மூடுனா விடிஞ்சிருது. எங்கருந்து படிக்க.”

*

வெள்ளிக்கிழமை அறிவியல் ஆய்வகத்தில் நம்புமானியைப் பொருத்தினார்கள். வந்திருந்த தொழில்நுட்பப் பெண் செண்பகவல்லிக்கு இருபத்தெட்டு வயதிருக்கும். அதற்குள் நூற்று எண்பது பள்ளி பார்த்த களைப்பு முகத்தில். வளையத்தைத் தலையில் மாட்டுவார், ஒரே கேள்வி கேட்பார், பெட்டி ஒரு வரியை அச்சடித்துத் துப்பும்.

கோமதிநாயகம் சார் முதலில் உட்கார்ந்தார்.

“ஒரு குழந்தை எப்படிக் கற்கிறது?”

அவர் ஒரு கமா விடாமல் சொன்னார். பானையில் தொடங்கி, கொத்தனாரைத் தாண்டி, மனப்பாடம் கற்றல் ஆகாது என்று முடித்து, கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்தார். பெட்டி நாற்பது நொடியில் தாளைத் தள்ளியது: மனப்பாடமே கற்றல்.

“மெஷினு ரிப்பேருமா.”

“இல்ல சார்.”

“நான் அதுக்கு நேர் மாறால்லா சொன்னேன்.”

“சார், நீங்க சொல்லுதத இது கேக்காது. அத உள்ள எங்கேருந்து எடுத்துட்டு வாரியன்னுதான் பாக்கும்.” செண்பகவல்லி இதை நூற்று எண்பது பள்ளியிலும் சொல்லியிருக்க வேண்டும், குரலில் ஏற்ற இறக்கமே இல்லை. “ஒங்களுக்கு ரொம்ப வேண்டிய ஒண்ண கத்துக்கணும்னு வந்தப்ப என்ன செஞ்சிய? உருப்போட்டிய. அப்ப அதத்தான் நம்புதிய. அடுத்தவங்க வாங்க.”

அடுத்தவர்களும் வந்தார்கள். எல்லோரும் தெளிவாக, திருத்தமாக, பத்து மதிப்பெண்ணுக்குச் சொன்னார்கள். எல்லோருக்கும் அதே வரி. நவநீதம் டீச்சர் மட்டும் கூடுதலாக இரண்டு மேற்கோள் சேர்த்தார். அவருக்குப் பெட்டி முப்பத்தொரு நொடியிலேயே முடிவு சொல்லிவிட்டது.

கடைசியில் அமலோற்பவம் டீச்சர் வளையத்துக்குள் தலையை விட்டார்.

“குழந்தை காலிப் பானை அன்று,” என்று தொடங்கினார். அடுத்து என்ன என்று யோசித்தார். ஏதோ வேலைக்காரர் வருவார். தச்சரா? வரவில்லை. கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்த்தார்.

“இருபத்தொம்பது வருசம் ஆச்சும்மா,” என்றார். “ஒரே பாடத்த ஒரே மாரி ரெண்டு பேருக்குச் சொல்லுதேன். ஒருத்திக்கு வருது, இன்னொருத்திக்கு வரல. அடுத்த வருசம் வராதவளுக்குத் தானா வந்து நிக்கி. எப்பிடி வந்துச்சுன்னு கேட்டா அவளுக்கும் தெரியல. எனக்கு நெசமாவே தெரியல.”

பெட்டி உறுமிக்கொண்டே இருந்தது. ஒன்பது நிமிடம். செண்பகவல்லி முதல் முறையாக நாற்காலியிலிருந்து எழுந்து அருகே வந்து பார்த்தார். தாளில் ஒரே சொல் இருந்தது: அறியேன்.

நம்புமானியோடு வந்த கையேட்டைப் புரட்டினார்கள். அப்படி ஒரு பிரிவு உண்டு. பெட்டி ஓடுகிறதா என்று தொழிற்சாலையில் பார்ப்பதற்காக வைத்தது, எடுக்க மறந்துவிட்டார்கள். அதற்குப் பலகை என்ன செய்யும் என்ற இடத்தில் ஒரே வரி: ‘கேட்டதை மட்டும் காட்டும்.’

திங்கட்கிழமை கேட்டில் பட்டியல் ஒட்டினார்கள். முப்பத்தெட்டுப் பேர் மௌனப் பணி. ஒரு வாரம் மானம் போயிற்று. இரண்டாம் வாரம் கதவோர நாற்காலியில் காற்று நன்றாக வருகிறது என்று கண்டுபிடித்தார்கள். நவநீதம் டீச்சர் அவரைக்காய் நறுக்கிக் கொண்டுபோகத் தொடங்கினார். கோமதிநாயகம் சாருக்கு ரத்த அழுத்தம் குறைந்தது. பள்ளிக்கூடம் முழுக்கப் பலகைகள் சொல்ல, பிள்ளைகள் எழுத, ஒரே அமைதி. அமலோற்பவம் டீச்சர் மட்டும் பேசிக்கொண்டிருந்தார். ஆளுக்கு ஒரு சின்ன நம்புமானி வேறு கொடுத்திருந்தார்கள். ஆண்களுக்குப் பேனா, பெண்களுக்குச் சேலை ஊசி. உடையில் குத்திக்கொண்டால் அன்றன்றைய நம்பிக்கையைப் பலகைக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும்.

*

அது நடந்தது குறை எண் பாடத்தன்று.

“மைனஸ் இன்ட்டு மைனஸ் ப்ளஸ்,” என்றார் அமலோற்பவம் டீச்சர். இருபத்தொன்பது வருடமாகச் சொல்வது. “புரிஞ்சுதா?”

“புரிஞ்சுது டீச்சர்.”

மூன்றாம் பெஞ்சிலிருந்து பல்கீஸ் என்ற பெண் எழுந்தாள். “ஏன் டீச்சர் ப்ளஸ் ஆவுது? ரெண்டு மைனஸ் சேந்தா பெரிய மைனஸ்லா ஆவணும்.”

வழக்கமாக இதற்கு ‘அது அப்படித்தான், உட்காரு’ என்று ஒரு பதில் உண்டு. அதைச் சொல்லவும் அன்று தெம்பில்லை. முந்தின நாள் கால் வீங்கி, வெந்நீரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கண்ணாடியைக் கழற்றி ஜன்னல் பக்கம் பார்த்தார்.

“எனக்குத் தெரியாதுட்டி,” என்றார். “என் வாத்தியாரும் சொல்லல. நானும் கேக்கல.”

பின் பெஞ்சில் யாரோ கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது என்றான், இன்னொருத்தி அதில் விதிதான் இருக்கிறது ஏன் என்று இல்லை என்றாள், சண்டை வந்தது. அமலோற்பவம் டீச்சர் தடுக்கவில்லை. தடுக்க எழுந்திருக்க வேண்டும்.

பல்கீஸின் வாப்பா பேருந்து நிலையத்தில் விசில்காரர். பஸ்ஸை ஓட்ட ஆள் தேவையில்லை என்று ஆகிப் பல காலம். ஆனால் பின்னால் எடுக்க மட்டும் அந்த எந்திரத்தை யாரும் நம்புவதில்லை. விசிலோடு ஒரு மனிதர் நின்று “வரட்டும் வரட்டும்” என்று பஸ்ஸைத் தட்டினால்தான் பயணிகளுக்கு நிம்மதி. அதை நினைத்தோ என்னவோ அவள் திடீரென்று பலகையைப் பார்த்துச் சொன்னாள்:

“ஒரு பஸ் ரிவர்ஸ்ல வாரதக் காட்டு.”

பலகை காட்டியது. பஸ் பின்னோக்கி வந்தது.

“இது மைனஸ். இப்ப இந்தப் படத்தையே பின்னாலருந்து ஓட்டு.”

பலகை படத்தைத் திருப்பி ஓட்டியது. பஸ் முன்னோக்கிப் போனது.

அமலோற்பவம் டீச்சர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, “இன்னொருக்கா ஓட்டச் சொல்லு,” என்றார். இன்னொரு முறை ஓடியது. இருபத்தொன்பது வருடமும், பஸ்ஸோடு சேர்ந்து, முன்னால் பின்னால் போய் வந்த மாதிரி இருந்தது அவருக்கு. மணி அடித்தும் யாரும் எழுந்திருக்கவில்லை. அன்று மாலை மாடியில் அவர் துணி எடுக்கும்போது தனக்குத்தானே சிரித்ததை நவநீதம் டீச்சர் பார்த்தார். அடுத்த நாள் காலைக்குள் தெரு முழுக்கக் கேட்டது, அந்த அம்மாளுக்கு என்னமோ ஆகிவிட்டது என்று.

ஆண்டுத் தேர்வில் எட்டு ‘பி’ வாங்கிய இடம் வாரியத்தின் வரைபடத்தில் ஒற்றைப் பச்சைப் புள்ளியாகத் தெரிந்தது. சுற்றிலும் மாவட்டமே சாம்பல் நிறம். வாரியத்திலிருந்து ஒரு துணை இயக்குநர் காரில் வந்தார்.

“உங்க முறை என்னம்மா?” என்று கேட்டார்.

“முறைன்னு ஒண்ணும் இல்ல சார். எனக்கு நெசமாவே தெரியாது.”

துணை இயக்குநர் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்: ‘படி ஒன்று: நிஜமாகவே தெரியாது.’ பிறகு தலையை நிமிர்த்தி, “படி ரெண்டு?” என்றார்.

*

கோடை விடுமுறையில் அமலோற்பவம் டீச்சரை மாவட்டம் மாவட்டமாக அழைத்துப் போனார்கள். ஒவ்வொரு மண்டபத்திலும் நானூறு ஆசிரியர்கள். முதல் கூட்டத்தில் அவர் மைக்கைப் பிடித்துக்கொண்டு தடுமாறினார். எனக்கு எதுவும் தெரியாது, எதற்குக் கூப்பிட்டார்கள் என்றும் தெரியாது என்றார். கண்ணாடியைக் கழற்றினார். பஸ் கதையைச் சொன்னார். நானூறு பேரும் கைதட்டினார்கள்.

உண்மையைச் சொன்னால் அது அவருக்குப் பிடித்திருந்தது. ஒன்பது வருடமாகக் குக்கர் சத்தம் கேட்ட காதுக்குக் கைதட்டல் சும்மாவா. இரண்டாவது ஊரில் கதையைக் கொஞ்சம் நீட்டினார். மூன்றாவது ஊரில், “என் வாத்தியாரும் சொல்லல, நானும் கேக்கல,” என்ற இடத்தில் சிரிக்கிறார்கள் என்று தெரிந்து, அங்கே நிறுத்தி மூச்சு விட்டார். ஏழாவது ஊரில் கண்ணாடியைக் கழற்றும் கை, அவர் சொல்லாமலே, அந்தச் சொல்லுக்குச் சரியாக எழுந்தது. பதினோராவது ஊருக்குப் போகும் வழியில் காரில் தூங்கி எழுந்தவர், எழுந்த வேகத்தில் “எனக்குத் தெரியாதுட்டி” என்று சொல்லிவிட்டு, எந்த ஊர் என்று கேட்டார்.

வாரியம் எல்லாவற்றையும் பதிவு செய்தது. அருள்மாறன் சும்மா இருப்பாரா? ‘திறவுகோல்’ இரண்டாம் பதிப்பு வந்தது. ‘தெரியாது: பத்து மதிப்பெண்’ என்று தனி அத்தியாயம். எந்த இடத்தில் நிறுத்துவது, எத்தனை நொடி ஜன்னலைப் பார்ப்பது, எல்லாம் படம் போட்டு. கண்ணாடி இல்லாத ஆசிரியர்கள் கழற்றுவதற்கென்று வெறும் கண்ணாடி வாங்கி மாட்டிக்கொண்டார்கள். பேக்கரி மாடியிலிருந்து மாலை ஐந்து மணிக்கு முப்பத்தெட்டுக் குரல் ஒன்றாகக் கேட்டது:

“எங்களுக்குத் தெரியாது.”

“சத்தம் பத்தல. இன்னொருக்கா.”

பிள்ளைகளுக்கும் மாணவர் பதிப்பு ஒன்று வந்தது. ‘நல்ல மாணவர் ஏன் என்று கேட்பார். நல்ல மாணவருக்கு உடனே புரியாது.’ எட்டாம் வகுப்புக்குப் போகிற பிள்ளைகள் லீவிலேயே படித்து முடித்துவிட்டார்கள். தெருவில் எந்த வீட்டைக் கடந்தாலும் கைப்பலகையிலிருந்து அமலோற்பவம் டீச்சர் குரல்தான். அந்த அம்மாள் வீட்டில் மட்டும் பழையபடி குக்கர்.

*

ஜூன் மாதம் பள்ளி திறந்தது. பல்கீஸ் ஒன்பதாவதுக்குப் போய்விட்டாள். எட்டு ‘பி’யில் புதிய முகங்கள். அமலோற்பவம் டீச்சர் சேலை ஊசியைக் குத்திக்கொண்டு, இரண்டு மாதமாக மேடையில் நின்று காய்ந்த தொண்டையைச் செருமிக்கொண்டு உள்ளே நுழைந்தார். உடம்பெல்லாம் வலி. ஆனாலும் சொந்த வகுப்பு.

“மைனஸ் இன்ட்டு மைனஸ் ப்ளஸ்,” என்றார்.

மூன்றாம் பெஞ்சில் ஒரு பெண் எழுந்தாள். “ஏன் டீச்சர்?” அவளைச் சுற்றி இன்னும் நான்கு பேர் எழுந்து, அவள் முந்திக்கொண்டாள் என்று முகத்தைச் சுளித்து உட்கார்ந்தார்கள்.

அமலோற்பவம் டீச்சரின் கை கண்ணாடிக்குப் போனது. “எனக்குத் தெ...” என்று தொடங்கினார்.

அதற்குள் பலகை விழித்துக்கொண்டது. மேல் ஓரத்தில் ஒரு சிறிய சாம்பல் விளக்கு எரிந்தது. அது எரிகிற மௌனப் பணி வகுப்புகளை அவர் போன வருடம் வராந்தாவில் நடக்கும்போது பார்த்திருக்கிறார். தன் வகுப்பில் பார்த்ததில்லை. சேலை ஊசியைத் தொட்டுப் பார்த்தார். அது ஒழுங்காகத்தான் இருந்தது.

“எனக்குத் தெரியாதுட்டி,” என்றது பலகை. அவருடைய குரல். பதினோராவது ஊரில் பேசியது போலிருக்கிறது, மற்ற ஊர்களைவிடத் தெளிவு. “என் வாத்தியாரும் சொல்லல.” ஒரு மூச்சு நிறுத்தம். “நானும் கேக்கல.”

பிள்ளைகள் சிரித்தார்கள். சிரிக்க வேண்டிய இடம் என்று மாணவர் பதிப்பில் அடைப்புக்குறிக்குள் போட்டிருந்தது.

அமலோற்பவம் டீச்சருக்கு நிற்கக் கால் இடம் கொடுக்கவில்லை. கதவோரத்தில் நாற்காலி ஏற்கெனவே போட்டிருந்தார்கள், போய் உட்கார்ந்தார். எதிர் வகுப்புக் கதவோரம் நவநீதம் டீச்சர் மடியில் முறம் வைத்து அவரைக்காய் நார் எடுத்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

“வந்துட்டியளா,” என்றார் மெல்ல. “மொத ஒரு வாரம் வாய் அரிக்கும். பெறகு சரியாயிரும். பாதி காய் தரட்டா?”

உள்ளே பஸ் பின்னோக்கி வந்தது. படம் திரும்பி ஓடியது. பஸ் முன்னோக்கிப் போனது. ‘எடுத்துக்காட்டு: பேருந்து’ என்று பலகையில் எழுத்து ஓட, முப்பத்தாறு பேரும் குனிந்து எழுதினார்கள். ஒருத்தரும் பஸ்ஸைப் பார்க்கவில்லை. பார்த்தால் எழுத்து போய்விடும். ‘ஆசிரியருக்குத் தெரியாது’ என்ற வரியின் கீழ் அடிக்கோடு போட்டார்கள்.

“புரிஞ்சுதா?” என்று பலகை அமலோற்பவம் டீச்சர் குரலில் கேட்டது.

“புரியல டீச்சர்,” என்றது வகுப்பு. ஒரே குரல், அதே ராகம். ஒருத்தர்கூடப் பிசகவில்லை.

என்ன புரியவில்லை என்று கேட்பதற்கு அமலோற்பவம் டீச்சர் வாயைத் திறந்தார். இரண்டு குரல் கேட்டால் பிள்ளைகள் குழம்புவார்கள். மூடிக்கொண்டார்.

“நன்று,” என்றது அவருடைய குரல், அடுத்த பாடத்தைத் திறந்தபடி.